முன்பாரமும் பின்பாரமும்

வண்டியில் நெல் மூட்டைகளை ஏற்றி முடித்ததும் என் தாத்தா ஒரு காரியம் செய்வார். மாடுகளைப் பூட்டும் முன் நுகத்தடியின் நடுவில் கையைக் கொடுத்து மெல்லத் தூக்கிப் பார்ப்பார். தூக்க முடியாமல் கனத்தால், "முன்பாரம் ஜாஸ்தி" என்பார். ஒரு மூட்டை பின்னால் போகும். கை வைக்கும் முன்பே நுகத்தடி தானாக எழும்பினால், "பின்பாரம் அடிக்குது" என்பார். இரண்டு மூட்டைகள் முன்னால் வரும். கைக்கு ஓர் அளவான கனம் தெரியும்வரை மூட்டைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதன் பிறகுதான் மாடுகள்.

அந்தக் கனம் ஏன் வேண்டும் என்பதை மாடுகள்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. முன்பாரம் மிஞ்சினால் கழுத்து தேய்ந்து புண்ணாகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு மூச்சுத் திணறி முரண்டு பிடிக்கும். தவறு நடந்த நூறு அடிக்குள் வண்டிக்காரருக்குச் செய்தி வந்துவிடும்.

இன்று கரும்பு அரவைப் பருவத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் போனால், அதே வேலையை டிராக்டர்கள் செய்வதைப் பார்க்கலாம். பின்னால் டிரெய்லர், அதன்மேல் ஆள் உயரத்துக்கும் மேலே கரும்பு. நுகத்தடி இருந்த இடத்தில் இப்போது ஹிட்ச் இருக்கிறது. டிராக்டரின் பின்னால் நீளும் டிராபார், டிரெய்லர் முன்சட்டத்தின் நுனியிலுள்ள வளையம், இரண்டையும் கோக்கும் ஒரு சாண் இரும்புப் பின். அவ்வளவுதான். பல டன் எடையும் அந்தப் பின்னை நம்பித்தான் ஊர்கிறது. ஆனால் இரும்புக்குக் கழுத்து வலிக்காது, மூச்சுத் திணறாது. முறியும் நாள்வரை அது வாய் திறப்பதில்லை. மாடு சொன்னதை இப்போது நாமேதான் கணக்குப் போட்டும் கண்ணால் பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அச்சின் இருபுறமும்

இரண்டு சக்கர டிரெய்லர் என்பது ஒரு சீசா பலகை. அச்சு அதன் நடுத்தாங்கி. அச்சுக்கு முன்னால் உள்ள பாரம் முன்சட்டத்தைக் கீழே அழுத்தும். பின்னால் உள்ள பாரம் மேலே தூக்கும். எடையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கினால் அழுத்தும் வலு கிடைக்கும்.

ஓர் எளிய கணக்கு. அச்சுக்கும் ஹிட்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரம், மொத்தப் பாரம் 4,000 கிலோ என்று வைப்போம். பாரத்தின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் ஹிட்சின் மேல் இறங்கும் எடை 4,000 × 0.3 ÷ 3 = 400 கிலோ. அதே பாரம் 30 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டால் அதே 400 கிலோ ஹிட்சை மேல்நோக்கித் தூக்கும். இரண்டு முழம்கூட இல்லாத இடமாற்றம் டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு 800 கிலோ வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இழுப்பதும் நிறுத்துவதும் அந்தப் பின்சக்கரங்கள்தான். அவை தரையை விட்டு இலேசானால் சேற்றில் சுழலும், பிரேக் போட்டால் வழுக்கும்.

பாரத்தின் மையம் வழியிலும் மாறும். சரக்கை இறக்கும்போது முன்பக்க மூட்டைகளை முதலில் எடுத்துவிட்டால் மீதமுள்ளது முழுவதும் பின்பாரமாகிவிடும். அந்த நிலையில் யாராவது பின்னைக் கழற்றினால் முன்சட்டம் ஏற்ற மரம்போல விருட்டென்று மேலே எழும். குனிந்து நிற்பவரின் முகமும் தாடையும் அதன் வழியில்தான் இருக்கும். ஆகவே ஜாக்கியோ தாங்குகட்டையோ கொடுத்து, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே பின்னில் கை வைக்க வேண்டும். பின் இறுகி வர மறுத்தால் அதன்மேல் பாரம் இன்னும் நிற்கிறது என்று பொருள். சுத்தியலை எடுக்கும் முன் அந்தப் பாரத்தை நீக்க வேண்டும்.

முன்பாரத்துக்கும் எல்லை உண்டு. ஹிட்சை அழுத்தும் எடை டிராக்டரின் பின்னச்சைத் தாங்கியாகக் கொண்டு முன்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். டிராக்டரின் சொந்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சில் நிற்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 2,000 கிலோ டிராக்டருக்கு 400 கிலோ. அதற்குக் குறைந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். டிராக்டரின் மூக்கில் இரும்புப் பாளங்களை மாட்டுவது இதற்காகத்தான்.

கார்கள் இழுக்கும் டிரெய்லர்களுக்கும் இதே சீசாதான். அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின் மேல் இருக்கட்டும் என்கிறார்கள். ஐரோப்பியக் கார்களில் அனுமதி இதைவிடக் குறைவு. இதில் குறைவு வந்தால் என்ன ஆகும் என்பதை ஓடும் நடைப்பயிற்சி இயந்திரத்தின் மேல் ஒரு பொம்மைக் காரையும் பொம்மை டிரெய்லரையும் விட்டுக் காட்டுவார்கள். எடைக் கட்டி முன்னால் இருக்கும்போது டிரெய்லரின் வாலை விரலால் தட்டினால், ஓரிரு முறை ஆடி அடங்கும். கட்டியைப் பின்னுக்கு நகர்த்தித் தட்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். சில நொடிகளில் காரையும் சேர்த்துச் சுழற்றிக் கவிழ்த்துவிடும். வேகம் கூடக்கூட ஆட்டத்தை அடக்கும் வலு குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடக்குவதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

இப்படி ஆட்டம் கண்டால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் கூடாது, ஆட்டத்தை மிஞ்சும் வேகத்தில் ஓட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக இறங்க விட வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்ல இழுக்கலாம். ஆனால் உண்மையான மருந்து புறப்படும் முன்பே முடிந்திருக்க வேண்டும்: கனமான பொருள்கள் அச்சுக்கு அருகில், சற்றே முன்னால், தரையோடு ஒட்டி.

எந்த உயரத்தில் இழுப்பது

பாரம் எங்கே அமர்கிறது என்பது முதல் கேள்வி. இழுவிசை எந்த உயரத்தில் பற்றுகிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடியதில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1917-ல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. மலிவான வண்டி, லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் பின்னால் இழுத்துவந்த கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், டிராக்டர் பின்சக்கரத்தைச் சுற்றி எழும்பி ஓட்டுநரின் மேலேயே மல்லாக்க விழும் என்ற கெட்ட பெயரும் அதற்கு வந்தது. காரணம் நியூட்டனின் மூன்றாம் விதி. எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது, சக்கரம் எஞ்சினையும் வண்டி உடலையும் பின்னோக்கித் திருப்பப் பார்க்கிறது. சக்கரம் நகர முடிந்தால் வண்டி நகரும். முடியாவிட்டால் வண்டியின் மூக்கு எழும்.

அயர்லாந்தின் ஹாரி ஃபெர்குசன் இந்தச் சிக்கலை ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். 1884-ல் பிறந்தவர், 1909-ன் கடைசி நாளில், தானே கட்டிய விமானத்தில் அயர்லாந்து மண்ணிலிருந்து முதலில் பறந்தவர். கலப்பையைச் சங்கிலியால் இழுக்காமல் மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்தால், மண்ணின் எதிர்ப்பே டிராக்டரின் மூக்கைக் கீழே அழுத்தும்படி செய்யலாம் என்று அவர் கண்டார். 1938-ல் ஃபோர்டும் அவரும் கைகுலுக்கிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பலனாக, அடுத்த ஆண்டே அந்த அமைப்போடு ஒரு டிராக்டர் சந்தைக்கு வந்தது. பின்னாளில் அவருடைய நிறுவனம் மாஸி-ஹாரிஸோடு இணைந்தது. 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே அந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரித்தது. தமிழ்நாட்டு வயல்களில் சிவப்பாக ஓடும் வண்டியின் முகப்பில் உள்ள ஃபெர்குசன் இவர்தான்.

மூன்று புள்ளி இணைப்பு கலப்பைக்கும் கொத்துக்கலப்பைக்கும் உரியது. டிரெய்லரையோ சிக்கிய வண்டியையோ இழுக்க அதன் மேல்புள்ளியைப் பயன்படுத்துவது ஃபெர்குசன் அடைத்த ஆபத்தின் கதவை மீண்டும் திறப்பதாகும். ஏன் என்று கணக்கே சொல்லும். 2,000 கிலோ டிராக்டர்; முன்னச்சில் 800 கிலோ; இரு அச்சுகளுக்கும் இடையே 1.9 மீட்டர். முன்புறத்தைத் தரையில் பிடித்து வைத்திருக்கும் வலு 800 × 1.9 = 1,520 அலகு. தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் சங்கிலியைக் கட்டினால் 1,520 கிலோ இழுவிசையில் முன்சக்கரம் எழும்பிவிடும். அரை மீட்டர் உயரத்தில் கட்டினால் அதற்கு 3,040 கிலோ வேண்டும். உலர்ந்த மண்ணில் இந்த டயர்களால் பிடிக்க முடிவது ஏறக்குறைய 1,600 கிலோதான். ஆகவே தாழ்வான ஹிட்சில் டிராக்டர் கவிழும் முன்பே டயர் வழுக்கிச் சுழலும். வழுக்கும் டயர் எரிச்சலூட்டும், ஆனால் உயிரை எடுக்காது.

இதில் மனித அனிச்சைக்கு வேலையே இல்லை. மூக்கு எழும்பத் தொடங்கியதிலிருந்து வண்டி மல்லாக்க விழ ஒன்றரை வினாடி போதும். அதற்குள் நிலைமையை உணர்ந்து கிளட்சை மிதிப்பவர் அபூர்வம். அதனால்தான் விதி இப்படிக் கறாராக இருக்கிறது: இழுப்பது எதுவானாலும் பின்னச்சுக்குக் கீழே, அதற்கென்று உள்ள டிராபாரில் மட்டும்.

டிரெய்லரின் தளமும் மட்டமாக நிற்க வேண்டும். ஹிட்ச் தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் டிரெய்லர் பின்பக்கம் சாயும், பாரத்தின் மையமும் பின்னால் சரியும். கவனமாகச் சேர்த்த முன்பாரம் அதில் கரைந்துபோகும். பாரம் ஏற்றிய பிறகு பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பின்னின் ஆயுள்

டிராபாரின் மேல் தகடும் கீழ்த் தகடும் இரண்டு உதடுகள்போல நிற்க, நடுவில் டிரெய்லரின் வளையம் நுழைகிறது. பின் மூன்றையும் ஊடுருவுகிறது. இந்த அமைப்பில் பின்னை அறுக்க வேண்டுமானால் இரண்டு இடங்களில் அறுக்க வேண்டும். ஒற்றைத் தகட்டில் தொங்கும் பின்னைவிட இது இருமடங்கு பாதுகாப்பு. கீழ்த் தகடு வளைந்தோ உடைந்தோ போயிருந்தால் அந்த இருமடங்கும் போய்விட்டது.

30 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின் தேய்ந்து 27 ஆனால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அறுபடாமல் தாங்கும் வலு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதில் 19 சதவீதம் போய்விட்டது. வளையாமல் தாங்கும் வலு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது; அதில் 27 சதவீதம் காணாமல் போய்விட்டது. பின் தேயும்போது துளையும் அகலமாகும். அந்த இடைவெளியில் பின் ஆடத் தொடங்கும். ஆணியின் தலையில் சுத்தியலை வைத்து அழுத்தினால் ஆணி இறங்காது, ஓங்கி அடித்தால் இறங்கும். இறுக்கமான ஹிட்சில் டிரெய்லர் பின்னை அழுத்துகிறது; ஆட்டமுள்ள ஹிட்சில் அடிக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடி, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஓர் அடி. கிளம்பும்போது கேட்கும் அந்த 'டக்' சத்தம் இரும்பு வாய் திறந்து பேசும் ஒரே சொல்.

சிறிய அடிகள் பலமுறை விழுந்தால் பெரிய இரும்பும் முறியும் என்பதை உலகம் கண்ணீரோடுதான் கற்றது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றேறித் தீப்பிடித்தன. கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளேயே மாண்டனர். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மன் ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளை இயந்திரத்தில் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரே இழுப்பில் முறிக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசைகூட, எண்ணற்ற முறை திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்று எண்களோடு நிறுவினார். இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம். சோர்வால் முறிந்த பின்னைப் பார்த்தால் ஒரு பகுதி வழவழப்பாக, மரத்தின் ஆண்டு வளையம்போல வளைகோடுகளோடு இருக்கும். மீதி சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான பகுதியில் விரிசல் நெடுநாளாக ஊர்ந்து வந்திருக்கிறது. சொரசொரப்பான பகுதி கடைசி நொடியில் முறிந்தது.

விரிசல் தொடங்க ஒரு கீறல் போதும். பின் தொலைந்த அவசரத்தில் மாட்டப்படும் போல்ட்டில் மரை முழுவதுமே கீறல். கட்டடக் கம்பித் துண்டு இந்த வேலைக்காகச் செய்யப்பட்ட எஃகு அல்ல. விரிசல் விட்ட வளையத்தின்மேல் போடும் அவசர வெல்டிங், பக்கத்து இரும்பின் குணத்தையே மாற்றி அடுத்த விரிசலுக்கு இடம் செய்து கொடுக்கும். துளை அகன்றுவிட்டால் லேத் பட்டறையில் அளவெடுத்துத் துளைத்து, புஷ் அடித்து, அதற்குப் பொருந்தும் புதுப் பின் போடுவதே முறை.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பார்க்க ரயில்வேப் பட்டறைகள் கண்ட பழைய உத்தி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். பின்னைச் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊற வையுங்கள். எடுத்து உலரத் துடைத்து, சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மெல்லியதாகப் பூசிக் காய விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளையில் ஒரு கருங்கோடு போடும். கோடு தெரிந்தால் அந்தப் பின்னை இனி எதற்கும் பயன்படுத்தாதீர்கள். பிறர் எடுத்துவிடாதபடி இரண்டாக வெட்டிப் போடுங்கள்.

பின் மேலெழும்பி வெளியே வராமல் தடுப்பது அடியில் குத்தும் பூட்டு ஊசி. அதற்குப் பதில் கயிறோ கட்டுக்கம்பியோ போதாது. கார் ஹிட்சில் குண்டுக்கும் கிண்ணத்துக்கும் அளவு பொருந்த வேண்டும். ஐரோப்பாவில் குண்டு 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 1⅞, 2, 2 5/16 அங்குலம் என மூன்று அளவுகள் உண்டு. 2 அங்குலக் கிண்ணம் 1⅞ அங்குலக் குண்டின்மேல் அமர்ந்து பூட்டிக்கொண்டதுபோலக் காட்டும், பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். பூட்டிய பின் டிரெய்லரின் ஜாக்கியைச் சுற்றினால் காரின் பின்புறமும் சேர்ந்து எழ வேண்டும். அதுதான் சோதனை. எல்லாம் கைவிட்டாலும் காக்க இரண்டு சங்கிலிகள் உண்டு. அவற்றை முன்சட்டத்துக்கு அடியில் பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாட்டினால், கழன்ற முன்சட்டம் தரையில் குத்தாமல் தொட்டிலில் விழுவதுபோல அவற்றின்மேல் விழும்.

நிறுத்துவது யார்?

இதுவரை இழுப்பதைப் பேசினோம். நிறுத்தும்போதும் உயிர்கள் போகின்றன. டிராக்டரின் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களில் மட்டும். பின்சக்கரங்களில் 1,300 கிலோ தாங்கும் 2,000 கிலோ டிராக்டர், நல்ல தார்ச்சாலையில் தனியாக மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால், பிரேக் பிடித்ததும் சுமார் 14 மீட்டரில் நிற்கும். அதன் பின்னால் பிரேக் இல்லாத 8 டன் டிரெய்லரைக் கோத்து, ஹிட்ச் வழியே பின்சக்கரங்களுக்கு இன்னும் 700, 800 கிலோ கிடைத்தாலும், நிறுத்த வேண்டிய எடை ஐந்து மடங்கு. இப்போது அதே வண்டி நிற்க ஏறத்தாழ 44 மீட்டர் வேண்டும். வேகத்தை 25-க்கு இறக்கினால் 17 மீட்டர் போதும். இதில் ஓட்டுநர் பார்த்துக் காலை வைக்கும் நேரத்தில் ஓடும் தூரம் சேரவில்லை.

அந்த 44 மீட்டரும் டிரெய்லர் ஹிட்சை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளும் கோடு சற்றே கோணலானாலும் டிராக்டரின் பின்புறம் பக்கவாட்டில் ஒதுங்கும். இரண்டும் மடக்குக் கத்திபோல மடங்கிக்கொள்ளும். டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி மிதிகள் உண்டு. வயல் மூலையில் திரும்ப அவை வசதி. சாலை ஏறும் முன் இரண்டையும் தாழ்ப்பாளால் பிணைக்க மறந்தால், அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து அந்த மடக்கலை நாமே தொடங்கிவைப்போம். சரிவில் இறங்கும்போது, அதே பாரத்தோடு அந்த மேட்டில் ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குவது நல்லது. நியூட்ரலில் விட்டு இறங்குவது எஞ்சின் தரும் பிரேக்கையும் தூக்கி எறிவது.

ஐந்து நிமிடம்

இவ்வளவு இயற்பியலும் தினமும் கேட்பது ஐந்து நிமிடம்தான். பின்னை உருவித் துடைத்து, தேய்மானத்தையும் விரிசலையும் பாருங்கள். துளைகளில் ஒட்டிய மண்ணை நீக்கிப் புது கிரீஸ் தடவுங்கள். மண் கலந்த பழைய கிரீஸ் அரம்போல அரைக்கும். டிராபாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். வெல்டிங் ஓரங்களில் செந்நிறத் துருக்கோடு இருந்தால் அதன் அடியில் விரிசல் இருக்கலாம். பூட்டு ஊசி, சங்கிலி, டயர் காற்று, பின்விளக்கு, பிரதிபலிப்புப் பட்டை ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். டிராக்டர் பின்னோக்கி வரும்போது டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது. வண்டி நின்று, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு உள்ளே போய்ப் பின்னைக் கோக்கட்டும். கிளம்பி ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். பாரம் அமர்ந்து இறங்குவதும் சங்கிலி தளர்வதும் அந்த முதல் கிலோமீட்டரில்தான்.

என் தாத்தா சீசாவின் கணக்கைப் படித்தவர் அல்லர். ஆனால் நுகத்தடிக்கு அடியில் கை வைக்காமல் அவர் ஒருநாளும் மாட்டைப் பூட்டியதில்லை. மாடு திணறுவதைப் பார்த்தபின் மூட்டையை நகர்த்துவது அவர் வழக்கமல்ல. மாடு திணறும் முன்பே தன் கையால் அந்தக் கனத்தை வாங்கிப் பார்ப்பது அவர் வழக்கம். மாடு போய் டிராக்டர் வந்தபோது ஏரும் நுகமும் வீட்டுப் பரணுக்குப் போயின. அந்தக் கையை மட்டும் நாம் பரணில் போட்டுவிடக் கூடாது. நாளைக் காலை சாவியைத் திருகும் முன், ஒருமுறை வண்டியின் பின்னால் போய்ப் பின்னைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.